ஒரு பவுண்டுக்குப் போன கடைகள்

ஒரு பவுண்டுக்கு என்ன கிடைக்கும்? 2018 மே மாதக் கணக்குப்படி நம்ம ஊர்ப் பணத்தில் தொண்ணூறு ரூபாய் சொச்சம். அந்த மாதம் இங்கிலாந்தில் இருநூறு கடைகளுக்கு மேல் வைத்திருந்த ஹோம்பேஸ் என்ற கம்பெனியையே அந்த விலைக்கு விற்றார்கள். வாங்கியது ஹில்கோ. விற்றது ஆஸ்திரேலியாவின் வெஸ்ஃபார்மர்ஸ். அவர்கள் 2016-ல் வாங்கும்போது கொடுத்தது 34 கோடி பவுண்டு!

ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய பன்னிங்ஸ் கடைகள் சக்கைப்போடு போடுபவை. பெரிய கிடங்கு மாதிரி கடை, ஆணியிலிருந்து மரப்பலகை வரை எல்லாம், வாசலில் வார இறுதியில் சாஸேஜ் சுட்டு விற்பனை. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் இங்கிலாந்தில் நட்டார்கள். 2017 பிப்ரவரியில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் முதல் கடை. சாஸேஜையும் விடவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு ஆஸ்திரேலியா பிடிக்கலை, அவ்வளவுதான்" என்றார் ஆபீஸ் நண்பர். எனக்கு அது சரியாகப் படவில்லை. போர்டு மாறியதற்காக யாரும் கடைக்குப் போவதை நிறுத்துவதில்லை. தேடிப்போன பொருள் இல்லை என்றால்தான் நிறுத்துவார்கள்.

ஹோம்பேஸுக்குப் போனவர்கள் எல்லோரும் டிரில் மெஷின் வாங்கப் போனவர்கள் இல்லை. குஷன், விளக்கு, சமையலறை அலமாரி பார்க்கப் போனவர்கள் நிறைய. உள்ளேயே லாரா ஆஷ்லி, ஹாபிடாட் பிரிவுகளும் இருந்தன. புது முதலாளிகள் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், வந்த சூட்டோடு பழைய மேலிட நிர்வாகிகளை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் வெளியே, தெரியாதவர்கள் உள்ளே.

இன்னொரு கூத்து. கடைசிவரை பன்னிங்ஸ் ஆக மாறியவை 24 கடைகள்தான். மற்றவற்றில் வாசலில் ஹோம்பேஸ் போர்டு, உள்ளே பழைய சரக்கு பாதி காணோம். பழைய ஆளும் வரமாட்டான், புது ஆளுக்கும் சேதி தெரியாது.

நியாயமாகச் சொன்னால் ஹோம்பேஸ் ஒன்றும் கொழித்துக்கொண்டிருக்கவில்லை. பழைய முதலாளிகளே கடைகளை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வெஸ்ஃபார்மர்ஸுக்கு ஒரு பாடம் சொந்த ஊரிலேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் லோஸ் கம்பெனியோடு சேர்ந்து ஆஸ்திரேலிய வூல்வொர்த்ஸ் பன்னிங்ஸுக்குப் போட்டியாக மாஸ்டர்ஸ் என்று ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டது. அதிலிருந்து விலகுவதாக அவர்கள் அறிவித்ததும், இவர்கள் ஹோம்பேஸை வாங்குவதாக அறிவித்ததும் ஒரே மாதம்: 2016 ஜனவரி. எதிராளி விழுந்தால் நமக்குப் பலம் என்று தோன்றுமே தவிர, அவன் ஏன் விழுந்தான் என்று யோசிக்கத் தோன்றாது போல.

நான் புனே வந்த புதிதில் மதியம் ஒன்றரை மணிக்கு பல்பு வாங்கப் போய், ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நாலு மணி வரை திறக்கமாட்டார்களாம். "நம்ம ஊர்ல ஒரு அண்ணாச்சி இப்படி மூடுவாரா?" என்று வீட்டில் ஒரே புலம்பல். ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது, அந்தத் தெருவே நாலு மணிக்கு மேல்தான் கடைக்கு வரும் தெரு. என்னிடம் 34 கோடி பவுண்டு இருந்து, வந்த வாரமே அந்தக் கடையை வாங்கியிருந்தால் மதியம் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டியிருப்பேன் :-)

வெஸ்ஃபார்மர்ஸ் 2018 பிப்ரவரியில் சுமார் 100 கோடி ஆஸ்திரேலிய டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. பெரிய கம்பெனி, தாங்கிக்கொண்டது. ஹில்கோ வந்ததும் 42 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அங்கே கல்லாவில் நின்றவர்களுக்குக் குஷனை எடுத்ததிலும் பங்கில்லை, சாஸேஜ் சுட்டதிலும் பங்கில்லை. 2024 நவம்பரில் மிச்சமிருந்த ஹோம்பேஸும் திவால் நிர்வாகத்துக்குப் போனது. தி ரேஞ்ச் கடைகளின் முதலாளிகள் அந்தப் பெயரையும் எழுபது கடைகள் வரையும் வாங்கிக்கொண்டார்கள்.

பன்னிங்ஸ் போர்டு மாட்டிய 24 கடைகளிலும் அதைக் கழற்றிவிட்டு, மறுபடி ஹோம்பேஸ் போர்டையே மாட்டவேண்டி வந்தது. அதற்கான செலவு அந்த ஒரு பவுண்டில் சேர்த்தியா என்று தெரியவில்லை.