இளந்தன்னார்வலரும் நூலக வரியும்

மத்திய அரசின் வயதுவந்தோர் எழுத்தறிவுத் திட்டமான உல்லாஸின் ஐந்தாண்டுக் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிவதையும், ஐந்து கோடிப் பேருக்கு எழுத்தறிவூட்டும் இலக்கை முன்னிட்டுப் பள்ளி மாணாக்கரையும் தன்னார்வலராகச் சேர்த்துக்கொள்ள அதன் விதிகள் இடங்கொடுப்பதையும் நம் வாசகர்கள் அறிவர். அவ்வாறு சேரும் மாணாக்கருக்கு மதிப்புப் புள்ளி, சான்றிதழ், பாராட்டுக் கடிதம் ஆகியவற்றை ஊக்கமாகக் குறிப்பிடும் திட்டம், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆவான் என்பதைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. அடுத்த கட்டம் எப்படி அமையவேண்டும் என்று நம் துறையினர் இப்போதே அபிப்பிராயம் சொல்லியாகவேண்டிய நிர்ப்பந்தம் இருப்பதால், இப்பத்திரிகையின் நிலையைச் சொல்லிவிடுகிறோம்: பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கற்பிக்க வைப்பதை முழுமனத்தோடு ஆதரிக்கிறோம், கற்பித்த பிள்ளையை ஒரு தொழில்துறையாளரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்காமல், சான்றிதழோடு வழியனுப்பிவிடும் ஏற்பாட்டை ஆதரிக்க இயலாது.

ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மயங்கும் முதியவள் ஒருத்தியின் பக்கத்தில் அமர்ந்து, அவள் தடுமாறுவது கண்பார்வையாலா, எழுத்தின் வடிவத்தாலா, அல்லது கொம்பும் காலும் தனித்தனியே நின்று ஓரொலியாகும் நம் எழுத்துமுறையின் விசித்திரத்தாலா என்று பொறுமையாகப் பகுத்தறிகிற பிளஸ் ஒன் மாணவி, தன்னை அறியாமலே ஓர் உத்தியோகத்தின் வாசலில் நிற்கிறாள். மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தின் பட்டயப் படிப்பு, சிறப்புக் கல்வி, பேச்சு மொழிச் சிகிச்சை, நூலக அறிவியல், பாடநூல் பதிப்பு என்று அந்த வாசலுக்கு அப்பால் பல வழிகள் பிரிகின்றன. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் படிப்புகளையும் கல்லூரிகளையும் அவளுக்கு எடுத்துக்காட்டும் என்பது மெய்தான்; ஆனால் கற்போர் மையத்தில் அவள் வெளிப்படுத்திய திறமையைக் கண்ணால் கண்டு, ‘இது உனக்கு வரும்’ என்று சொல்லக்கூடியவர், அத்தொழிலால் ஜீவனம் நடத்தும் ஒரு மனிதராகவே இருக்கவேண்டும். இல்லம் தேடிக் கல்வியின் பிளஸ் டூ முடித்த தன்னார்வலருக்காவது மாதம் 1000 ரூபாய் என்று ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைக்கு அதுவும் இல்லையென்றால், எதிர்கால வழியையேனும் காட்டவேண்டாமா?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் 1984-இல் உருவான ‘வேல்யூட் யூத்’ திட்டத்தில், படிப்பை இடைநிறுத்திவிடக்கூடும் என்று அஞ்சப்பட்ட மாணாக்கரையே தேர்ந்தெடுத்து, ஊதியமும் கொடுத்து, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வைத்தனர். பல துறையினர் வந்து அவ்விளைஞரோடு உரையாடுவதும், அவர்களை வெளியிடங்களுக்கு அழைத்துச் செல்வதும் அங்கே உபரியான அலங்காரங்களாகக் கருதப்படவில்லை. கற்பித்தலைப் போலவே அவையும் திட்டத்தின் அங்கங்களாக இருந்தன. நம் விதிகளை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் என்று சொல்லமாட்டோம்.

இனி, பிள்ளையும் தொழில்துறையாளரும் முகம்பார்த்துப் பேசும் இந்தச் சந்திப்பு எங்கே நடப்பது? பதினெட்டு நிரம்பாத பெண்ணை அயலார் ஒருவரின் அலுவலகத்துக்குத் தனியே அனுப்ப எந்தப் பெற்றோரும் துணியார். பள்ளியோ மாலையில் பூட்டப்பட்டுவிடும். எல்லார் கண்ணுக்கும் எதிரே, கட்டணமின்றி, புத்தகங்களின் நடுவே இருவர் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமுமே அல்லவா? வாசகர் வட்டம் உயிரோடிருக்கும் ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் செவிலியரும் வங்கி ஊழியரும் ஏற்கெனவே அங்கே வந்து போகிறார்கள். யாரிடம் எந்தப் பிள்ளையை அறிமுகம் செய்யலாம் என்று அறிந்தவர் அந்த ஊர் நூலகர். ஆயினும் திட்டக் கூட்டங்களில் அவருக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றுவதில்லை.

தோன்றாததன் காரணத்தையும் சொல்லிவிடுவோம். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948-இல் நம் மாகாணத்தில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்தபோது நிறைவேறிய பொது நூலகச் சட்டம், அரசின் தயவை எதிர்பாராமல் நூலகங்கள் வாழவேண்டும் என்ற தீர்க்கதரிசனத்தோடு நூலக வரியை ஏற்படுத்திற்று. சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் பொதுமக்கள் இன்றும் அதைச் செலுத்துகிறார்கள். ரசீதில் அது தனியே அச்சிடப்படுகிறது. செலுத்திய காசை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டிய உள்ளாட்சி மன்றங்கள் பல, அதை ஆண்டுக்கணக்கில் நிலுவையாக வைத்துக்கொண்டு, கேட்டால் கோப்பு நகர்கிறது என்கின்றன. பிறர் பணத்தைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, உரியவன் வந்து கேட்டால் நாளை வா என்கிற கடன்காரனின் சாமர்த்தியம் இதில் இல்லையா? மின்விளக்கு மாற்றவும் பத்திரிகைக் கட்டணம் செலுத்தவும் வகையின்றிப் பகுதிநேர நூலகங்கள் மாலைகளில் இருண்டிருக்கையில், எழுத்தறிவு வாரத்திற்குப் பதாகை அச்சிட மட்டும் பணம் குறைவதில்லை. காலமுறை ஊதியத்திற்காக நெடுங்காலமாக மனுக்கொடுத்துவரும் ஊர்ப்புற நூலகரிடம் போய், ‘இளைஞருக்கு வழிகாட்டுங்கள்’ என்று சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. அதிகாரிகளுக்கு அந்த வெட்கம் ஏன் இல்லை என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

ஆகவே, அடுத்த விதித்தொகுப்பில் மூன்று ஷரத்துகள் இடம்பெறவேண்டும் என்று கேட்கிறோம்: மாணவத் தன்னார்வலர் உள்ள ஒவ்வொரு கற்போர் மையமும் அருகிலுள்ள நூலகத்தோடு இணைக்கப்படுக, மாதம் ஒருமுறையேனும் தொழில்துறையாளர் ஒருவரோடு அங்கே சந்திப்பு நடைபெறுக, அதை ஏற்பாடு செய்யும் நூலகருக்குத் தனிப்படி தரப்படுக. பணம் எங்கே என்பார்க்கு, வரி நிலுவையைச் சுட்டிக்காட்டுவோம். தத்தம் மாவட்டத்து நிலுவைக் கணக்கை ஆதாரத்தோடு வைத்திருக்கும் அன்பர்கள் அனுப்பிவைத்தால், அடுத்த இதழிலிருந்து மாவட்டவாரியாக வெளியிடுவோம்.