ஆக்சிஜன் 98 காட்டுது, அப்புறம் எப்படி ரத்தம் கம்மி?

1/ "ஆக்சிஜன் 98 காட்டுது டாக்டரம்மா. அப்புறம் எப்படி ரத்தம் கம்மின்னு சொல்றீங்க?" போன மாசம் ஓபியில ஒரு மாமியார் கேட்ட கேள்வி. மருமகளுக்கு 34 வாரம். ஹீமோகுளோபின் 6.4. கொரோனா நேரத்துல வாங்கின ஆக்சிமீட்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தாங்க. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ கேள்வி நியாயமானதுதான். ஆனா ஆக்சிமீட்டர் சொல்றது பஸ்ஸுல சீட் நிரம்பியிருக்கான்னு மட்டும்தான். அந்த ரூட்ல மொத்தம் எத்தனை பஸ் ஓடுதுன்னு அதுக்குத் தெரியாது. 12 பஸ் ஓட வேண்டிய இடத்துல 6 ஓடினாலும், அந்த ஆறும் நிறைஞ்சிருந்தா 98ன்னுதான் காட்டும்.

3/ கணக்காவே பார்க்கலாம். 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்துல 12 கிராம் இருந்தா 16 மில்லி ஆக்சிஜன். 6.4 கிராம் இருந்தா எட்டரை மில்லி. கிட்டத்தட்ட பாதி. அந்தப் பாதியில அம்மாவும் வாழணும், வயித்துல இருக்கிற பிள்ளையும் வாழணும்.

4/ "ஏம்மா, மாத்திரை கொடுத்தாங்களே, சாப்பிட்டியா?" தலை குனிஞ்சா. மூணு மாச மாத்திரையும் வீட்டுல அப்படியே இருக்காம். ஏன்னு கேட்டா வரிசையா காரணம். ஒரு வாரம் போட்டேன், ரத்தம் ஏறல. கருப்பா போகுது, பயமா இருக்கு. வாந்தி வருது. அதான் பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறேன்.

5/ பேச்சுவாக்குல "சிவப்பணு எப்படி இருக்கும்னு ஸ்கூல்ல படிச்சிருக்கியா?"ன்னு கேட்டேன். உடனே பதில் வந்தது: "இருபுறமும் குழிந்த தட்டு வடிவம், உட்கரு இல்லை. அஞ்சு மார்க் கேள்வி டாக்டரம்மா, முழுசா எழுதியிருக்கேன்."

6/ பாடம் அவளுக்குத் தெரியும். அந்தப் பாடம் தன் உடம்பைப் பத்தினதுன்னுதான் யாரும் சொல்லல. அவ சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அந்த அஞ்சு மார்க் பதில்லயே விடை இருக்கு. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

7/ முதல்ல "ஒரு வாரம் போட்டேன், ஏறல". சிவப்பணு எலும்பு மஜ்ஜையில உருவாகும்போது அதுக்கு உட்கரு உண்டு. வெளியே வர்றதுக்கு முன்னாடி அதைத் துப்பிடும். கோழி, தவளை, மீனுக்கெல்லாம் சிவப்பணுல உட்கரு இருக்கும். பாலூட்டிகளான நம்ம செல்லுல உட்கரு இருந்த இடம் பூரா ஹீமோகுளோபினுக்கு.

8/ ஒரு சிவப்பணுல சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் 4 இரும்பு அணு. அப்படின்னா கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லுக்குள்ள நூறு கோடிக்கு மேல இரும்பு அணுக்கள்! இந்த மாதிரி செல்லை நம்ம மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் தயாரிக்குது.

9/ அதுல மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அதனால தான் சுமக்கிற ஆக்சிஜனைத் தனக்குன்னு செலவு பண்ணாது. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைச்சு காலத்தை ஓட்டும். இதுக்கெல்லாம் ஒரு விலை உண்டு. உட்கரு இல்லாத செல்லால தன்னைப் பழுது பார்த்துக்க முடியாது, புதுசா ஹீமோகுளோபின் செய்யவும் முடியாது. சுமார் 120 நாள்தான் ஆயுள்.

10/ இப்ப புரியுதா? இரும்பு இல்லாத காலத்துல பிறந்த செல், நீங்க இன்னைக்கு மாத்திரை போட்டாலும் நிறையாது. மைக்ராஸ்கோப்புல பார்த்தா சின்னதா, நடுவுல வெளிறி, ஓரத்துல மட்டும் வளையம் மாதிரி இருக்கும். சாகுற வரைக்கும் அது அப்படியேதான். புதுசா பிறக்கிற செல்லுக்குத்தான் இரும்பு போகும். பழசு போய் புதுசு வர மாசக்கணக்கு ஆகும். அதனாலதான் ஒரு வாரம் பத்தாது. அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப சுமார் மூணு மாசம் தொடரச் சொல்றோம்.

11/ அடுத்தது "கருப்பா போகுது". சிறுகுடல் உள்சுவர்ல இருக்கிற செல்கள் உறிஞ்சுறதுக்குன்னே அமைஞ்சவை. ஒவ்வொரு செல்லோட தலையிலயும் ஆயிரக்கணக்கான நுண்விரல்கள், பிரஷ் மாதிரி. பரப்பு கூடினா உறிஞ்சுறதும் கூடும். ஆனா இரும்பு விஷயத்துல இந்தச் செல் கறார். அதிக இரும்பு உடம்புக்கு விஷம்ங்கறதால ஒரு அளவுக்குத்தான் உள்ளே விடும்.

12/ மிச்ச இரும்பு மலத்தோட வெளியே போகும். அந்தக் கருப்பு இதுதான். மாத்திரை போடுறவங்களுக்கு இது சகஜம், பயப்பட வேண்டாம். மாத்திரையே போடாதவங்களுக்குத் தார் மாதிரி ஒட்டுற, நாத்தமடிக்கிற கருப்பு மலம் போனா அது வேற கதை. உடனே வாங்க.

13/ மாத்திரை போட்ட கையோட டீ குடிச்சா டீயில இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், குடல் செல்லுக்குக் கிடைக்காது. கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல 2 மணி நேரமாவது விடுங்க. எலுமிச்சை ஜூஸ், கொய்யா, நெல்லிக்காய் கூட இருந்தா இரும்பு நல்லா ஏறும். வாந்தி வந்தா சாப்பிட்ட பிறகோ ராத்திரி படுக்கப் போகும்போதோ போடுங்க. உறிஞ்சுறது கொஞ்சம் குறையும், ஆனா நிறுத்துறதுக்கு இது எவ்வளவோ மேல்.

14/ அப்புறம் பீட்ரூட். அதோட சிவப்பு பீட்டாலைன்ங்கற நிறமி. ரத்தச் சிவப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 100 கிராம் பீட்ரூட்ல 1 மில்லிகிராம் அளவுகூட இரும்பு வராது. அரசு கொடுக்கிற ஒரு சிவப்பு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

15/ "அப்போ கீரை?" சாப்பிடுங்க, நல்லது. கீரைக்கு இரும்பு கொண்டு வர்றதும் ஒரு ஸ்பெஷல் செல்தான், வேர்த்தூவி. வேரோட வெளித்தோல்ல இருக்கிற ஒரே ஒரு செல், மண்ணுக்குள்ள விரல் மாதிரி நீண்டு பரப்பைக் கூட்டிக்கும். வெளிச்சமே படாத இடம், அதனால பச்சையமும் கிடையாது. நம்ம குடல் செல் செய்ற அதே வேலையைச் செடியில இது செய்யுது.

16/ ஆனா கீரையில இருக்கிற இரும்பை நம்ம குடல் ரொம்பக் குறைவாத்தான் எடுத்துக்கும். ஈரல், சுவரொட்டி, மீன்ல இருக்கிறது கொஞ்சம் சுலபமா ஏறும். சாப்பிடுறவங்க சாப்பிடுங்க. ஆனா 6, 7ல நிக்கிற ரத்தத்தைச் சாப்பாட்டை மட்டும் வெச்சுப் பிரசவத்துக்குள்ள ஏத்திட முடியாது.

17/ "கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" சொல்றவங்களுக்கு: பஸ் குறைஞ்சா இருக்கிற பஸ் அதிக ட்ரிப் அடிக்கணும். அந்த வேலை இதயத்துக்கு. இதயத் தசை செல் ஓய்வே இல்லாம அடிக்கிறதுக்காக மைட்டோகாண்ட்ரியாவை நெருக்கி அடுக்கி வெச்சிருக்கு. அதுக்கும் ஒரு எல்லை உண்டு. கடுமையான ரத்தசோகையில இதயமே செயலிழக்கலாம். பிரசவத்துல மத்தவங்க தாங்குற ரத்தப்போக்கை இவங்களால தாங்க முடியாது. பிரசவ வார்டுல எங்களுக்கு வயித்தைக் கலக்குறது இதுதான்.

18/ இனி என் கருத்து. தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். மாத்திரை இலவசம், ஆரம்ப சுகாதார நிலையம் வரை கிடைக்குது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. அப்படியும் ஏன் இப்படி?

19/ சாப்பாடு ஒரு காரணம். வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினதைச் சாப்பிடுறவ பெண்தான். குடல்புழு, அதிக மாதவிடாய் ரத்தப்போக்கு எல்லாம் காரணம். அதோட இன்னொரு காரணம் நாங்க. மாத்திரையைக் கொடுத்தோம், "தினம் போடும்மா" சொன்னோம், "அடுத்து"ன்னு கூப்பிட்டோம். கருப்பா போகும்னு சொல்லல. மூணு மாசம் ஆகும்னு சொல்லல.

20/ ஓபியில கூட்டம் இருக்கு, உண்மை. நானும் அந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்கேன். ஆனா மேல சொன்னதைச் சொல்ல எனக்கு 2 நிமிஷம்தான் ஆச்சு. அந்த 2 நிமிஷத்தை மிச்சம் பிடிச்சா பின்னாடி பிரசவ வார்டுல ராத்திரி முழுக்க ரத்தம் தேடி அலையணும்.

21/ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிவப்பணு பாடம் நடத்துற அன்னைக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தச் செல்லுக்கு உட்கரு இல்லைன்னா, ரத்தசோகை சரியாக ஏன் மாசக்கணக்கு ஆகுது?" நீல மாத்திரையைக் குப்பையில போடுற பொண்ணு அன்னைக்கு ஒரு தடவை யோசிப்பா.

22/ ரெண்டு எச்சரிக்கை. ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைபாடு இல்ல. ஒழுங்கா போட்டும் ஒரு மாசத்துல ஏறலைன்னா தலசீமியா மாதிரி வேற காரணம் இருக்கலாம், டாக்டரைப் பாருங்க. இரும்பு மாத்திரை சின்னக் குழந்தைங்க கைக்கு எட்டவே கூடாது. மிட்டாய்னு நினைச்சு நிறைய முழுங்கினா உயிருக்கே ஆபத்து.

23/ அந்தப் பொண்ணை அன்னைக்கே அட்மிட் பண்ணோம். ரத்தம் ஏத்தினோம். பிரசவம் நல்லபடியா ஆச்சு. வீட்டுக்குப் போற அன்னைக்கு மாமியார் வந்து, "மாத்திரை நான் கொடுத்துக்கிறேன் டாக்டரம்மா, டீயை ரெண்டு மணி நேரம் தள்ளியே வைக்கிறேன்"னாங்க. பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் மாத்திரை இருக்குன்னு நினைவுபடுத்தி அனுப்பினேன்.

24/ உங்க வீட்டுல கர்ப்பிணி இருந்தா இன்னைக்கு ஒரு வேலை செய்ங்க. அவங்க ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு கேளுங்க. 11க்குக் கீழன்னா மாத்திரை டப்பாவைத் திறந்து எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பாருங்க.