கருவிக்கும் ஒரு வைத்தியன்

பிணி தீர்க்கும் பணி என்றவுடன் கலாசாலை மாணவர் பலரும் வைத்தியரையும் தாதியரையுமே நினைக்கின்றனர். எக்ஸ்-கதிர்க் கருவி பழுதுற்றவழி அதனைச் செப்பனிடுவோனை அவ்வரிசையில் வைத்தெண்ணுவார் அரியர். அவன் திருப்புளி பிடிக்கும் கையன் என்பதே காரணம் போலும்! பவுல் அப்போஸ்தலர் கூடாரத் தொழில் செய்தவர் என்று வேதத்திற் படிக்கும் நம்மவரிடையேயும் இவ்வெண்ணம் நிலவுதல் வியப்பே.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றோன், வைத்தியன், மருந்து, உடனின்று உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். அந்நான்காமவனுள் கருவி செப்பனிடுவோனையும் இக்காலத்து அடக்குதல் தகும் என்பது எமது துணிபு.

என்னை? கருவிக்கும் நோயுண்டு, அந்நோய் சிலவேளை மனிதன் நோய்போலத் தோன்றும். சி.டி. கருவியில், கதிரை வீசும் குழாயும் எதிர்நின்று அதனை ஏற்கும் உணர்விகளும் நோயாளியைச் சுற்றிச் சுழல்கின்றன. உணர்விகளுள் ஒன்று பிழைபடினும் படத்தில் இல்லாத வளையம் ஒன்று எழும். அது உடம்பினதோ கருவியினதோ என்னும் ஐயத்தைத் தீர்ப்போன் இவன். நீர் நிறைந்த உருளையொன்றை வைத்துப் படமெடுப்பான். வெறும் நீரிலும் வளையம் தோன்றின் குற்றம் கருவியின்பாலது. இவன் 'கருவி செவ்விது' என்று கையெழுத்திட்டபின், அதனை நம்பி வைத்தியர் கத்தியெடுப்பார். இவன் முகத்தையோ நோயாளி ஒருநாளும் கண்டிலன்.

இத்தொழில் அறிவுக்கு உணவளிக்காது என்பாரும் உளர். எக்ஸ்-கதிர்க் குழாயில் நாம் செலுத்தும் மின்னாற்றலுள் நூற்றில் ஏறக்குறைய 1 பங்கே கதிராகும், எஞ்சியதெல்லாம் வெப்பம். அவ்வெப்பத்தால் உருகாதிருத்தற்பொருட்டே டங்ஸ்டன் தட்டைச் சுழலவிட்டனர். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தமோ திரவ ஹீலியத்தில், சுழிக்குக் கீழ் 269 பாகை சென்டிகிரேடு குளிரில் இருப்பது; அதனருகே இரும்புத் திருப்புளி கொண்டு செல்வோன் உயிருக்கு உலை வைப்பான். இவற்றை அறிந்தாள்வது எளிய கல்வியோ? சி.டி. கருவியை ஆக்கி 1979இல் நோபல் பரிசிற் பங்கு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டும் வைத்தியரல்லர்; பொறியாளரே.

ஊதியம் பற்றி விரித்தல் வேண்டா. சிற்றூர் மருத்துவமனையில் ஒரு கருவி நின்றுவிடின் நேர்வதையே நோக்குக. கூலியாள் ஒருவன் முறிந்த கையோடு பஸ்ஸேறி நகரஞ் செல்வான்; உடன் செல்லும் மனைவியின் கூலியும் அன்று போம். கையிற் காசில்லாதவன் செல்லாமலே இருந்துவிடுவான். பழுது ஒருகால் சில ரூபாய் விலையுள்ள உருகு கம்பியாகவே இருத்தலுங் கூடும்.

ஆயினும், கற்றவன் ஊரில் இருந்தும் கருவி திறவாத நிலை ஒன்று உண்டு. சில உற்பத்தியாளர் பழுதுபார்க்கும் நூலையும், கணினியைத் திறக்கும் மறைச்சொல்லையும் தம்மவரன்றிப் பிறர்க்கு ஈயார். 1895இல் எக்ஸ்-கதிரைக் கண்ட ராண்ட்ஜன், அது யாவர்க்கும் உரியதென்று காப்புரிமை கொள்ளாது விடுத்தார். அக்கதிரை வீசும் பெட்டிக்கு இன்று பூட்டு! எனவே கருவி வாங்கும் மருத்துவமனையார், விலை பேசும்பொழுதே அந்நூலும் மறைச்சொல்லும் உடன் தரப்படல் வேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வாராக. பணம் கைம்மாறிய பின்னர்க் கேட்பின் கிடைப்பதரிது.