ஸ்ரேசன் திரும்பி வந்தது, தையற்கடைக்காரர் எங்கே?

 

போன கிழமை எங்கட மானிப்பாய் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய யாழ்ப்பாணப் படங்கள் போட்டார். ஸ்ரேசன் முகப்பு, மேடையில் யாழ்தேவி, ஸ்ரான்லி வீதிக் கடைகள், ஆஸ்பத்திரி வீதி, மணிக்கூட்டுக் கோபுரம். எல்லாரும் "அது ஒரு பொற்காலம்" என்று எழுதினார்கள். நானும் ஒரு வரி எழுதினேன்: "ரவுணில் எங்கட வாப்பாவும் தையற்கடை வைத்திருந்தவர். 1990 ஒக்டோபரில் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டம்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சேர், இதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ."

அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஸ்ரேசனைப் பற்றி எழுதினால் ஞாபகம். அந்த ஸ்ரேசனுக்குப் பக்கத்து ரவுணில் கால்சட்டை தைத்த மனிசனைப் பற்றி எழுதினால் அரசியல். இது என்ன கணக்கு?

ஸ்ரேசன் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். 1905இல் பாதை கொழும்போடு இணைந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. மானிப்பாய்க்கு ஸ்ரேசன் இல்லை. நாங்கள் கொக்குவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த்தான் ஏறவேண்டும். 1990 ஜூனில் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. கூரையில்லாத சுவர்கள் வருடக்கணக்காய் நின்றன. பிறகு இந்தியக் கடனில் பாதை போட்டு, கட்டடம் கட்டி, 2014 ஒக்டோபர் 13இல் ரயில் திரும்பி வந்தது. அன்றைக்கு மேடையில் கண்ணீர் விட்டவர்களை நான் கண்டேன். என் கண்ணிலும் தண்ணீர்தான்.

ரயில் நின்று நாலு மாதத்தில், 1990 ஒக்டோபர் 30இல், எங்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். உடுத்த உடுப்போடும் சொற்பக் காசோடும் வெளியேறினோம். எனக்கு ஒன்பது வயது. வடக்கு முழுக்க ஏறத்தாழ 75,000 பேர் அப்படிப் போனார்கள். ரயிலுக்கு இருபத்துநாலு வருடத்தில் பாதை போட்டாயிற்று. சனத்துக்கு?

மானிப்பாயிலிருந்து ரவுணுக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஆனைக்கோட்டை, ஓட்டுமடம், ஐந்துசந்தி தாண்டித்தான் போகிறோம். ஐந்துசந்தியில் யன்னலால் எட்டிப் பாருங்கோ. கூரையில்லாத வீடு, மதில் மட்டும் மிஞ்சிய வளவு இன்னும் கிடக்கிறது. 1990இல் ஒரு குடும்பமாய்ப் போனவர்கள் புத்தளத்தில் இன்று நாலு குடும்பம். பழைய துண்டுக் காணி நாலு பேருக்குக் காணாது. காணி கேட்டுப் போனால், "நீங்கள் அங்கே குடியேறிவிட்டீர்கள்தானே" என்ற கேள்வி.

இதை விட எனக்கு வலித்தது வேறொன்று. வகுப்பில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையொன்று கேட்டது: "சேர், முஸ்லிம் ஆக்கள் யாழ்ப்பாணத்துக்கு எப்ப வந்தவை?" அந்தப் பிள்ளையில் பிழையில்லை. பழைய படங்களில் கட்டடம் மட்டும்தான் இருக்கிறது. கட்டடத்துக்குள் யார் இருந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. முப்பது வருடம் சொல்லாமல் விட்டால், சோனகத் தெருவில் பிறந்தவனும் வந்தான் வரத்தான் ஆகிவிடுவான்.

"அது இயக்கம் செய்தது, சனம் செய்யேல்லை" என்பீர்கள். உண்மை. எங்கட பக்கத்து வீட்டு அக்கா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதது எனக்கு இன்றைக்கும் ஞாபகம். 2002இல் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கமே அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நடந்ததற்கு அயலவனைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இன்றைய மௌனம் எங்கட மௌனம். அதை இயக்கத்தின் தலையில் போட ஏலாது.

"பழசைக் கிளறாதேங்கோ" என்பீர்கள். அப்படியென்றால் ஒவ்வொரு ஜூன் மாதமும் நூலகப் படம் ஏன் போடுகிறோம்? 1981இல் எரிந்த 97,000 புத்தகங்களை மறக்கச் சொல்லி யாராவது கேட்டால் விடுவோமா? விடக்கூடாது. நானும் அந்தப் படத்தை ஒவ்வொரு வருடமும் பகிர்கிறேன். புத்தகத்தை மறக்காத ஊர் அதை வாசித்த மனிசரை மறக்கலாமா?

ஒக்டோபர் 30 என்ற திகதியை இன்னொரு முறை பாருங்கோ. 1995இல் அதே திகதியில்தான் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. மானிப்பாய்ச் சனமும் மழைக்குள் மூட்டை முடிச்சோடு, வயது போனவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியது. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு பெரும்பகுதியினர் திரும்பினீர்கள். அந்த ஆறு மாதத்தை இன்றைக்கும் வீட்டில் கதைக்கிறீர்கள், பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். கதைக்கத்தான் வேண்டும். அதே கதை எங்களிடமும் இருக்கிறது. ஆறு மாதத்தில் முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வலியை யாழ்ப்பாணத்தில் உங்களை விட நன்றாய் விளங்கக்கூடியவர் வேறு யார்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பழைய படம் போடுகிறவர்கள் கட்டடத்தின் பெயரோடு கடைக்காரரின் பெயரையும் கேட்டு எழுதுங்கோ. ஆசிரியர்களே, ஊர் வரலாறு படிப்பிக்கும்போது 1981, 1987, 1995 ஓடு 1990ஐயும் சேருங்கோ. காணிக் கூட்டங்களில் ஒரு முஸ்லிம் குடும்பம் எழும்பி நின்றால், பக்கத்தில் நீங்களும் எழும்பி நில்லுங்கோ. ரயில் வந்தபோது எல்லாரும் ஒன்றாகத்தானே மேடையில் நின்றோம்.

வாப்பா புத்தளத்தில் மௌத்தானார். கடைசிவரை அந்தக் கடைத் திறப்பு அவரிடம் இருந்தது. இந்தப் பதிவை வாசிக்கும் மூத்தவர்கள் யாராவது எண்பதுகளில் அவரிடம் பள்ளிக்கூடக் கால்சட்டை தைத்திருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கோ. அதை நான் அரசியலாக எடுக்கமாட்டேன்.