அண்மையும் சேய்மையும்

தொலைவை மைற்கல்லால் அளந்து பழகியவர்கள் நாம். சந்திரன் பக்கத்தில் உள்ளது, மற்றவையெல்லாம் அதற்கு அப்பால் உள்ளன என்றே மாணவருக்கும் சொல்லிவருகிறோம். விண்வெளிப் பயணத்துக்கு இக்கணக்கு எப்போதும் பொருந்துவதில்லை. றியூகு என்னும் சிறுகோள் இதற்குத் தக்க சான்று.

1999ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட இச்சிறுகோளின் குறுக்களவு ஏறத்தாழ 900 மீற்றர். 474 நாட்களில் அது சூரியனை ஒருமுறை சுற்றுகிறது. அதன் பாதை பூமியின் பாதைக்குச் சற்றே உட்புறம் புகுந்து, செவ்வாயின் பாதையை எட்டி மீளும். யப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2018இல் அதனை அடைந்தபோது, பூமிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீற்றர் இருந்தது. சந்திரனோ சராசரியாக 4 இலட்சம் கிலோமீற்றருக்கு உட்பட்ட தொலைவிலேயே உள்ளது. ஆயினும், பூமியை அணுகிச் சுற்றும் கலமொன்று சந்திரனில் மெல்ல இறங்குவதற்குச் செக்கனுக்கு 6 கிலோமீற்றர் அளவில் தன் வேகத்தை மாற்றவேண்டும். றியூகுவை அடைவதற்கோ 4.6 கிலோமீற்றர் அளவு போதும். பூமியும் றியூகுவும் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில், ஒத்த வேகத்திற் செல்வன. அன்றியும், றியூகுவின் ஈர்ப்பு மிக மெலியது. அங்கே இறங்குதற்கும் எழுதற்கும் பெருவிசை வேண்டியதில்லை. வேண்டுவது காலங்கருதும் பொறுமை ஒன்றே. வழி ஒத்தவரே அண்மையர் என்பது விண்வெளியின் நியதி போலும்.

எளிதில் அணுகலாம் என்றவுடன், இத்தகைய கோள்களுக்கு விலை பேசுவோர் சிலர் தோன்றிவிட்டனர். அவற்றைத் தோண்டினால் இத்தனை கோடி டொலர் கிடைக்கும் என்று கணக்கும் காட்டுகின்றனர். இக்கணக்கை நான் ஏற்கேன். 2014இற் புறப்பட்ட ஹயபுசா-2 அனுப்பிய பேழை 2020 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் வந்திறங்கியது. ஆறாண்டுப் பயணத்தின் விளைவாக அதனுள் இருந்தவை ஏறத்தாழ 5.4 கிராம் கருந்துகள்கள். ஒரு தங்கப் பவுணின் நிறைகூட இல்லை! வணிகன் கண்ணுக்கு இது பெருநட்டமாகவே தோன்றும்.

ஆனால் அத்துகள்கள் சொல்வது யாது? றியூகு கரியினுங் கரியது. உடைந்த கற்கள் தளர்வாகத் திரண்ட குவியல். அதன் பொருளிலே காபனும், நீரோடு கூடிப் பிறந்த களிமண் போன்ற கனியங்களும் நிறைந்துள்ளன. அமினோ அமிலங்கள் கிடைத்தன, உயிர்களின் ஆர்.என்.ஏ.யில் ஓர் உறுப்பாகிய யுராசிலும் கிடைத்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக் குடும்பம் பிறந்த காலத்து மண் கெடாமல் நம் கைக்கு வந்துள்ளது. விண்ணிலிருந்து விழும் கற்களோ எரிந்தும், மழையில் ஊறியும் மாறிவிடுகின்றன.

இங்கும் நிதானம் வேண்டும். யுராசில் உயிரன்று, செங்கல் வீடாகாதவாறு போல. 2024இல் ஒரு துகளின்மேல் நுண்ணுயிர்கள் காணப்பட்டன. ஆராய்ந்த அறிஞர் அவை பூமியில் வந்து ஒட்டியவை என்றே முடிவுசெய்தனர். வியப்பான முடிபை விழைந்து ஓடாத அந்த நேர்மை, துகள்களைப் போலவே போற்றத்தக்கது.

யப்பானியர் இக்கோளுக்கு இட்ட பெயரும் பொருத்தமானது. அவர்தம் பழங்கதையொன்றில், உராஷிமா தாரோ என்னும் செம்படவன் கடலடியிலுள்ள றியூகு மாளிகைக்குச் சென்று ஒரு பேழையுடன் மீள்கிறான். அதனைத் திறந்ததும் முதுமை அவனைப் பற்றிக்கொள்கிறது. விண்கலம் கொணர்ந்த பேழையிலிருந்து வெளிப்பட்டதும் முதுமையே. ஆனால் அது நம்மை அழிக்கும் முதுமையன்று, நாம் பிறந்த கதையை உரைக்கும் முதுமை.

இத்துகள்களை ஆராய அயல்நாட்டு அறிஞரும் விண்ணப்பிப்பதற்கு யப்பானிய விண்வெளி நிறுவனம் வழிவகுத்துள்ளது. றொக்கற் இல்லாத நாட்டுக்கும் இவ்வகையில் அச்சிறுகோள் அண்மையதே. நம் மாணவருக்கு அதன் டொலர் விலையைச் சொல்லி வாய் பிளக்கச் செய்வதினும், நல்ல வினாவொன்றை எழுப்பக் கற்பித்தல் நன்று. அறிவுலகிற் சேய்மையை வெல்வது பொருளன்று, வினாவே என்பது என் துணிபு.