தோள் கன்னிப்போனா அது பதக்கம் இல்லைங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். இங்கிலாந்துல இருக்கற நம்ம ஆளுங்க, முக்கியமா ஆபீஸ் நண்பர்களோட முதல்முறை 'கிளே ஷூட்டிங்' கிளம்பறவங்க, முழுசா படிச்சிட்டுப் போங்க.

தெரியாதவங்களுக்கு: 11 செ.மீ. அகலத்துல ஒரு தட்டை மெஷின் காத்துல வீசும். அதை ஷாட்கன்னால சுட்டு உடைக்கணும். (பேருதான் கிளே, இப்போ வர்றது களிமண் இல்ல.) நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல கலந்துகிட்ட டிராப் போட்டியும் இந்தக் குடும்பம்தான். இங்க 1968 துப்பாக்கிச் சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு: போலீஸ் ஒப்புதல் வாங்கின மைதானத்துல லைசென்ஸ் இல்லாதவரும் தட்டு சுடலாம். அதனாலதான் பிறந்தநாள், டீம் அவுட்டிங்னு இவ்வளவு சுலபமா போக முடியுது. அருமையான விளையாட்டு. அதுக்கு நான் எதிரி இல்ல.

நான் எதிர்க்கறது வேற. முதல் நாள் அடிபட்டாத்தான் கத்துக்கிட்டதா அர்த்தம்னு ஒரு புத்தி இருக்கே, அதை. ரீல்ஸ் பாத்திருப்பீங்க. துப்பாக்கியே தொடாத ஒருத்தர் கையில கனமான தோட்டா போட்டுக் குடுப்பாங்க. அவர் தடுமாறிப் பின்னால போவார். சுத்தி நிக்கறவங்க கெக்கெபிக்கேன்னு சிரிப்பாங்க. மறுநாள் கன்னிப்போன தோளை போட்டோ எடுத்து 'கெத்து'ன்னு ஸ்டேட்டஸ். தோல் அடியில ரத்தக் குழாய் உடைஞ்சதுல என்னங்க கெத்து?

தோளாவது ரெண்டு வாரத்துல ஆறிடும். காது ஆறாது.

பணியிடச் சத்தத்துக்கு இங்க 2005 விதிகள்ல உச்ச வரம்பு 140 டெசிபல். 12 போர் ஷாட்கன் வெடிக்கும்போது சுடறவர் காதுகிட்ட 150ஐ சாதாரணமாத் தாண்டும். 10தானே கூடன்னு கணக்குப் போடாதீங்க. டெசிபல் கணக்குல 20 கூடினா சத்தத்தோட அழுத்தம் 10 மடங்கு. உள்காதுல இருக்கற முடி செல்கள் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. 'ஒரு நாள், 25 தோட்டாதானே டாக்டர்'னு கேக்கறவங்களுக்கு: இது மில்லுல வருஷக்கணக்கா வேலை பாத்து மெல்லக் காது போற கதை இல்ல. பாதுகாப்பு இல்லாத ஒரே வெடி போதும்.

முதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கற மேல் சுருதி. அதனால உங்களுக்கே தெரியாது. டிவி கேக்கும், ஹார்ன் கேக்கும். ஆனா கல்யாண மண்டபத்துல பக்கத்துல இருக்கறவர் பேசினா 'கேக்குது, ஆனா புரியல'. ச, ஸ, த எல்லாம் மழுங்கிப் போயிருக்கும். வலது தோள்ல வெச்சுச் சுடறவங்களுக்குப் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் கெடும். அந்தக் காது குழல் முனைப் பக்கம் பாத்திருக்கும், வலது காதுக்குத் தலையே மறைப்பு.

மைதானத்துல இயர்மஃப் குடுக்கத்தான் செய்வாங்க. கெடுக்கறது நாமதான். செல்ஃபிக்குக் கழட்டறோம். 'என்னடா சொன்ன?'ன்னு ஒரு பக்கம் தூக்கறோம், சரியா அப்பதான் அடுத்த மேடைக்காரர் சுடுவார். தன் முறை வர்ற வரைக்கும் கழுத்துல மாலை மாதிரி தொங்க விடறோம். கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, கத்தையா முடி, எது நடுவுல வந்தாலும் சத்தம் உள்ள நுழையும். நுரை பிளக்கை மெல்லிசா உருட்டி, மறு கையால காது மடலை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு, விரியற வரைக்கும் விரலால பிடிங்க. அதுக்கு மேல மஃப். ரெண்டும் வேணும். பஞ்சு வெச்சாப் போதும்னு சொல்ற அனுபவசாலிகிட்ட அவரோட காது டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்க.

சுட்ட பிறகு கொய்ங்னு சத்தமோ அடைப்போ மறுநாளும் இருந்தா, அழுக்குன்னு பட்ஸ் விட்டுக் குடையாம, அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க.

அடுத்தது ஒரு தப்பான கருணை. 'பாவம் பொண்ணு, லைட்டான துப்பாக்கி குடுப்பா'. அதே தோட்டாவுக்கு எடை குறைஞ்ச துப்பாக்கிதான் அதிகமா உதைக்கும், பள்ளிக்கூடப் பாடம்தான். குறைக்க வேண்டியது தோட்டாவோட பாரம். ஒலிம்பிக்லயே 24 கிராம்தான். முதல் நாள் உங்களுக்கு 28 எதுக்கு? 21 கிராம் இருக்கான்னு கேளுங்க. கட்டையைத் தோள் எலும்பு நுனியிலயோ புஜத்துலயோ வைக்காம, தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கற குழியில இறுக்கமா வையுங்க. கன்னம் கட்டையில படியணும்.

பத்து தட்டும் தப்பினா 'உனக்கு வராது'ன்னு முடிவு கட்டுவாங்க. அதுக்கு முன்னாடி உங்க கண்ணைப் பாத்தாங்களா? ஷாட்கன்ல பின் குறி கிடையாது, கண்ணே பின் குறி. ரெண்டு கண்ணையும் திறந்து, கையை நீட்டி, விரல்களுக்கு நடுவுல சின்ன ஓட்டை விட்டு தூரத்துல ஒரு பொருளைப் பாருங்க. ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணை மூடினா பொருள் காணாமப் போகுதோ, அதுதான் ஆதிக்கக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கம் இருக்கறது ரொம்ப சகஜம். அவர் இடது தோளுக்கு மாறலாம், இல்ல கண்ணாடியோட இடது லென்ஸ்ல சின்னதா டேப் ஒட்டலாம். அஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்யாம ஒருத்தரை அவமானப்படுத்தி அனுப்பறது பயிற்சியா? தட்டுச் சில்லு பறக்கும், அதனால பாதுகாப்புக் கண்ணாடி எப்படியும் வேணும்.

கடைசியா, சமோசா டப்பா. தோட்டாக் குண்டு பெரும்பாலும் ஈயம். வெடிக்கற புகையிலயும் ஈயம் இருக்கலாம். டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க, சானிடைசர் ஈயத்தை எடுக்காது. வீட்டுல தவழற குழந்தை இருந்தா, அந்த ஜாக்கெட்டோட தூக்கிக் கொஞ்சாதீங்க. முதல்ல கழட்டித் தனியாத் துவைக்கப் போடுங்க.