வெடிக்காத துப்பாக்கியும் சில வெட்டிப் பேச்சும்

2022 ஜூலையில் திருச்சி கே.கே. நகர் ரைபிள் கிளப் பக்கம் கூடிய கூட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டி. நடிகர் அஜித்குமார் சுட வந்திருந்தார். தரிசனம் முடிந்தது, கூட்டம் கலைந்தது. மிஞ்சியது இரண்டு வசனங்கள்தான். "அதுக்கெல்லாம் கழுகுக் கண்ணு வேணும்." "அது பணக்காரன் விளையாட்டுப்பா."

இரண்டிலும் கால்வாசி உண்மை, முக்கால்வாசி சோம்பேறித்தனம்.

முதலில் கண். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். இதைக் கேட்டதும் பார்வைதான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் குறி தப்புவது பெரும்பாலும் கண்ணால் அல்ல, விரலால். 'இப்ப விட்டா பத்து' என்று மனசு பறக்கும். விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும். மணிக்கட்டும் கூடவே சாயும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 35 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டரில் குண்டு 28 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். பத்து போய் ஏழு!

இந்த வெடுக்கைப் பிடிக்க டப்பா டப்பாவாக பெல்லட் வாங்கித் தள்ளுவது வீண். சுட்டவுடன் கண் ஓட்டையைத் தேடி ஓடிவிடும். விரல் செய்த தப்பை யாரும் பார்ப்பதில்லை. இதற்கு மருந்து டிரை ஃபயர். குண்டே போடாமல் வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, முன் சைட்டை மட்டும் பார்த்து, ட்ரிகரை நேராகப் பின்னால் மெல்ல அழுத்த வேண்டும். 'டிக்' என்றதும் கையை இறக்காமல் இரண்டு விநாடி அப்படியே நிற்க வேண்டும். சைட் துள்ளியதா? துள்ளினால் விரல் பொய் சொல்கிறது. காற்று, வெளிச்சம், பெல்லட் என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை.

"காலித் துப்பாக்கியை வச்சுக்கிட்டு என்னத்த விளையாடுற?" என்று சிரிப்பவர்கள் ஸ்ரீரங்கத்தில் மிருதங்கம் படிக்கும் ஒரு பையனைப் பார்த்துவிட்டு வரட்டும். 'தா தீ தொம் நம்' சொல்லி மாதக்கணக்கில் சாதகம் செய்த பிறகுதான் அவனுக்குக் கச்சேரி. அங்கே அதற்குப் பெயர் பயிற்சி. இங்கே மட்டும் கேலியா?

இனி காசு. போட்டிப் பிஸ்டல் விலை அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கிளப் பிஸ்டலில் தினம் இருபது நிமிடம் டிரை ஃபயர் செய்ய பெல்லட் செலவு பூஜ்யம். புதிதாகச் சேரும் மாணவனுக்கு முதல் மாதம் ஒரு பெல்லட் கூடக் கொடுக்கக் கூடாது. அந்த மாதத்துக்குக் கட்டணத்தையும் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் காசில்லாத பையனும் பொண்ணும் உள்ளே வருவார்கள். இப்போது முதல் நாளே பத்து குண்டு, ஒரு போட்டோ, இரண்டாம் மாதம் பர்ஸ் காலி, அதோடு ஆளைக் காணோம்.

டிரை ஃபயர் எல்லாவற்றையும் கற்றுத் தராது. குண்டு எங்கே விழுந்தது என்று இலக்குதான் சொல்லும். பெரிய பிஸ்டலின் உதைப்பு, உண்மையில் சுட்டால்தான் பழகும். சில .22 பிஸ்டல்களைக் காலியாக அடித்தால் பாகங்கள் கெடும், அதனால் கோச்சைக் கேட்காமல் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், துப்பாக்கி காலிதானா என்று ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தாக வேண்டும்; குண்டு அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இந்த ஒழுங்கு வராதவனுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். வெடுக்கென்று இழுக்கச் சொல்லி யாரும் விரட்டுவதில்லை. 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை ஓடும் ஊர் திருச்சி. இங்கே இரும்புக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம், சத்தமே வராத இருபது நிமிடத்தைத் தினமும் பொறுத்துக்கொள்ளும் ஆட்களுக்குத்தான்.